ஆறாவது வளைவில் கூடம் கோணல்

என் கணவர் பந்தயத் தடத்தில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தார். தடத்தை ஓட்டிப் பார்த்துச் சொல்வதுதான் அவருடைய வேலை. காலை ஆறு மணிக்கு, வேறு எந்த மோட்டார் சைக்கிளும் இறங்குவதற்கு முன், தனியாக மூன்று சுற்று வருவார். முதல் இரண்டு மெதுவாக. மூன்றாவது பந்தய வேகத்தில். பிறகு பதிவேட்டில் ஒன்பது வளைவுகளுக்கும் நேரே ‘சரி’ அல்லது ‘சரியில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கதவு திறக்கும். பின்னால் அந்தப் பதிவேட்டையே அவர் கழுத்தில் கல்லாகக் கட்டினார்கள். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

தடத்தில் அவருக்குப் பெயர் ‘சாய்வு நாற்காலி’. முழங்கால் தரையில் உரசும் அளவுக்கு வண்டி சாய்ந்திருக்கும்போதும், வேலை முடிந்து வந்து கால் நீட்டிப் படுத்திருப்பவரைப் போல உடம்பு தளர்வாக இருக்குமாம். வீட்டிலும் அப்படித்தான். கூரை பற்றி எரிந்தால் குளிர்காய இடம் தேடுகிற மனிதர். எரிகிற வேலை முழுவதும் என் பங்குக்கு வந்தது.

ஒன்பது வளைவுகளிலும் ஒன்பது விதமான தரை. கெட்டுப்போன பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அந்தந்த ஆண்டு அகப்பட்ட ஒப்பந்தக்காரரைக் கொண்டு ஒட்டுப்போட்டே வளர்ந்த தடம் அது. முதல் வளைவு பழைய தார். சல்லி வெளியே துருத்தி, உப்புத்தாள் போல டயரைப் பிடிக்கும். இரண்டாவது சிமெண்டுப் பலகைகள்; ஒவ்வோர் இணைப்பும் கைப்பிடியில் வந்து தட்டும். நான்காவது, ஆயிரம் டயர்கள் தேய்த்துத் தேய்த்து வழவழத்துப்போனது. ஏழாவதில் தரை அலை அலையாக எழும்பி இருக்கும். ஒரே சுற்றுக்குள் ஒன்பது முறை கையின் அழுத்தத்தையும் உடம்பின் எடையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மாலையில் வந்து அன்றைய தரையைப் பற்றிச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அச்சகத்தில் தாள் அடுக்கித் தைக்கிற வேலையில்தான் எழுத்துப் பழகினேன். அப்படி எழுதிய நோட்டுகள் பதினொன்று இருக்கின்றன. ஐந்தாம் நோட்டில் அவர் சொன்னது சொன்னபடி இருக்கிறது: “நாலாவதுல பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே முடிச்சுக்கணும். உள்ள போனப்புறம் நீ அதைத் தொட்டா, அது உன்னைத் தொடும்.”

ஒரு கோடையின் தொடக்கத்தில் ஆறாவது வளைவின் உள்பாதியை வெட்டிப் புதுத் தார் போட்டார்கள். வெளிப்பாதி பழையபடியே இருந்தது. புதியதும் பழையதும் சேரும் இடத்தில், தண்ணீர் இறங்காமலிருக்க, நான்கு விரல் அகலத்துக்கு வெறும் தாரை உருக்கி ஊற்றி ஒரு கோடு போட்டார்கள். கறுத்து மினுங்கும் கோடு. வெளியிலிருந்து உள்ளே இறங்கும் வண்டி, மிகவும் சாய்ந்திருக்கும் கணத்தில் அந்தக் கோட்டைக் கடந்தே ஆக வேண்டும். காலை ஆறு மணிக்கு அது கல் போல இறுகி இருந்தது. அவர் அதன்மேல் ஓட்டினார், பிடித்தது, ‘சரி’ என்று எழுதினார். நாற்பத்திரண்டு காலைகள் அப்படி எழுதினார். ஒன்றுகூடப் பொய் இல்லை.

நாற்பத்திரண்டாம் நாள் பிற்பகல், விருந்தினர்களுக்கு ஐந்து சுற்று ஓட்டிக் காட்டும்படி மேலாளர் சொன்னார். அந்த மேலாளர் ஒரு காலத்தில் பந்தயங்களில் வென்றவர். நாற்காலிக்குப் பின்னால் மூன்று கோப்பைகள் வைத்திருப்பதால் தடத்தில் அவருக்குப் பெயரே ‘கோப்பை’. மூன்றாவது சுற்றில், இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, என் கணவர் ஆறாவது வளைவில் விழுந்தார். பிரேக்கை விட்டாயிற்று, ஆக்ஸிலேட்டரை இன்னும் திறக்கவில்லை, கை அமைதியாக இருந்தது. முன் சக்கரம் கோட்டைத் தொட்டதும் கைப்பிடியில் இருந்த கனம் காணாமல் போயிற்று. “கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்த பிள்ளை திடீர்னு கையை விட்ட மாதிரி” என்றார். வலது காறை எலும்பு முறிந்தது.

தடத்தில் விழுந்தவர் எவரானாலும், மருத்துவ அறையில் ஒரு சீட்டு எழுத வேண்டும். மூன்று படிகள்: வெள்ளை அலுவலகத்துக்கு, மஞ்சள் மருத்துவ அறைக்கு, இளஞ்சிவப்பு விழுந்தவருக்கு. நேரம், வளைவு, காரணம் என்று மூன்று கட்டங்கள். காரணம் என்ற கட்டத்தில் ஓட்டுநர்கள் எழுதுவது ஒன்றே ஒன்றுதான்: என் தவறு. டயர் வெடித்தாலும் அதுதான். குறுக்கே நாய் வந்தாலும் அதுதான். தரையின்மேல் பழி போடுகிறவன் ஓட்டுநரே இல்லை என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். யாராவது வாய் திறந்தால், “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று வண்டிகள் நிறுத்தும் கொட்டகையே சேர்ந்து சிரிக்கும். என் கணவரின் சீட்டில் செவிலியர் கேட்காமலேயே ‘என் தவறு’ என்று எழுதினார். கேட்டிருந்தாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார். இடது கையால், கோழி கிளறியது போல, கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. அதிலிருந்து ஒரு வாக்கியம்: “தாமே சரி எனப் பதிந்த வளைவில் தாமே விழுந்து, தம் தவறெனத் தாமே ஒப்பமிட்டுள்ளமையால், விதி பதினொன்றின்படி அன்னாரின் ஓட்டுநர் அனுமதி ரத்து செய்யப்படுகிறது.” ஒரு தடத்தில் ரத்தானால் வேறு எந்தத் தடத்திலும் இறங்க முடியாது. நாற்பத்து நான்கு வயதில், தெரிந்த ஒரே வேலையை ஒரே வாக்கியத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்கு அடியில் கோப்பையின் கையெழுத்து, ஒரு சுழிகூடப் பிசகாமல்.

அவர் சத்தம் போடவில்லை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தார். கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் வலது கையைப் போட்டபடி சமையலறை மேசைக்கு முன் உட்கார்ந்தார். ஆறு மணியானதும் கண்ணை மூடிக்கொண்டார். இடது கை மேசைமேல் லேசாக அசையும். முதல் வளைவு, இரண்டாவது வளைவு என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று புரிய எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் ஆறாவதில் கை நின்றுவிடும். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் புதிய கோப்பு ஒன்றைத் தைத்தேன்.

என் தம்பி அதே தடத்தில் மெக்கானிக். வளைந்த கைப்பிடிகளை நிமிர்த்துவது அவன் வேலை. அந்த ஆறு வாரத்தில் எத்தனை கைப்பிடி நிமிர்த்தினாய் என்று கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு, ஆறாவதிலேயே இருபதுக்கு மேல் இருக்கும் என்றான். வெயில் ஏறினால் அந்தக் கோடு இளகி வெண்ணெயாகிவிடும் என்றும், முதல் மூன்று வாரத்துக்குள் எல்லாரும் அதைக் கண்டுகொண்டு, மதியத்துக்கு மேல் வெளிப்பாதியிலேயே சுற்றிப் போகிறார்கள் என்றும் சொன்னான். காலையில் மட்டும் ஓட்டுகிற ஒரே மனிதர் உன் மாமா என்பது யாருக்கும் தோன்றவில்லையா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

“நீயுமா வாயை மூடிக்கிட்டு இருந்தே?”

“எப்படிக்கா சொல்றது? தரை வழுக்குதுன்னு சொன்னா ஓட்டத் தெரியலன்னு சிரிப்பாங்க. அதுவும் சாய்வு நாற்காலிகிட்டயே போய் அதைச் சொல்றதா?”

“சிரிப்புக்குப் பயந்து மாமாவோட எலும்பை ஒடிச்சீங்க.”

நிர்வாகத்தின்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அன்று திசை மாறி, வாய்ச்சவடாலும் தோல் உடையுமாகத் திரியும் அந்தக் கூட்டத்தின்மேல் போயிற்று. மறுநாளே அவனை வேலைக்கு ஏவினேன். விழுந்தவர்கள் எல்லாரிடமிருந்தும் இளஞ்சிவப்புச் சீட்டை வாங்கி வர வேண்டும். ஒன்றும் குறையக் கூடாது. மாமாவின் எலும்புக்கு அதுதான் பிராயச்சித்தம் என்றேன்.

சீட்டுகள் ஒரு மாதத்தில் வந்து சேர்ந்தன. சில, தோல் உடையின் உள்பையில் வியர்வையில் ஊறிக் கிடந்தன. ஒன்று, ஆடும் மேசைக்கு அடியில் நாலாக மடித்து முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒன்றின் பின்பக்கத்தில் யாரோ தொலைபேசி எண் குறித்திருந்தார்கள். அந்த எண்ணை நான் எழுதி உரியவரிடம் திருப்பிக் கொடுத்தேன், தாளைக் கொடுக்கவில்லை. என் கணவருடையதோடு சேர்த்து இருபத்து மூன்று. முதலில் தேதிப்படி அடுக்கினேன், ஒன்றும் தெரியவில்லை. பிறகு மணிப்படி அடுக்கினேன். பதினொன்றரைக்கு முன் ஒருவர்கூட விழவில்லை. நான்கு மணிக்குப் பின் ஒருவர்கூட விழவில்லை. நடுவில் இருபத்து மூன்று பேர், இருபத்து மூன்று ‘என் தவறு’.

அதை அவருக்குக் காட்டினேன். ஒவ்வொரு சீட்டாக விரல் வைத்துப் பார்த்தார்.

“எல்லாரும் தப்புப் பண்ணியிருக்கலாம்ல?”

“ஒரே இடத்துலயா? சாப்பாட்டு நேரத்தை ஒட்டி மட்டுமா?”

“சாப்பிட்டா மந்தமாத்தானேம்மா இருக்கும்” என்றார்.

நான் சிரிக்கவில்லை. விசாரணைக்கு வந்து, தரைதான் காரணம் என்று ஒரு சொல் சொல்லுங்கள் என்றேன். முடியாது என்று தலையாட்டினார். பதினேழு வருஷம் மற்றவர்களைப் பார்த்துத் தானும் சிரித்த சிரிப்பு அது. இப்போது தன் எலும்புக்காக அதை மாற்றிப் பேச வாய் வராது என்றார். தன்மானம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் தன்மானம் நிர்வாகத்துக்கு எவ்வளவு வசதி என்று அவர்களில் ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை. முப்பது ஆண்டு வெள்ளைப் படிகளில் தடத்தின்மேல் ஒரு குறையும் இல்லை. இருக்கவும் வழி இல்லை.

மூன்று மனுக்கள் அனுப்பினேன். முதலிரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். நான் போனேன். நீள மேசைக்கு அந்தப் பக்கம் கோப்பையும் இரண்டு உறுப்பினர்களும் இருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி, அதுவும் ஆடியது. சீட்டுகளை மணி வரிசையில் மேசைமேல் பரப்பினேன். கடைசியில் பதிவேட்டின் நகலையும் வைத்து, காலை ஆறு மணிக்கு எழுதிய ‘சரி’ காலை ஆறு மணிக்குத்தான் சரி என்றேன். உறுப்பினர்களில் ஒருவர் குனிந்து படித்தார். கோப்பை படிக்கவில்லை.

“ஏம்மா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கேள்விப்பட்டிருக்கீங்களா?”

“கேள்விப்பட்டிருக்கேன் ஐயா. கூடத்தை யாராவது அளந்து பாத்தாங்களான்னுதான் கேள்விப்படல.”

குனிந்து படித்தவர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். கோப்பைக்கு முகம் சிவந்தது. தானே ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னார். நாளைக் காலை ஏழு மணிக்கே ஓட்டுகிறேன், வந்து பாருங்கள் என்றார். காலையில் வேண்டாம், இரண்டு மணிக்கு ஓட்டுங்கள் என்றேன். உறுப்பினர்கள் அவரைப் பார்த்தார்கள். மறுத்தால் பயம் என்று ஆகிவிடும். பயம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கும் வாய் வராது. எப்போது வேண்டுமானாலும் என்றார். அதை அப்படியே எழுதி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு வேலியோரம் கூட்டம் நின்றது. என் கணவரும் வந்திருந்தார். ஓட்டம் என்றால் அவரால் வீட்டில் உட்கார முடியாது. கோப்பையின் பழைய தோல் உடைக்கு ஜிப் பாதியில் நின்றுவிட, இரண்டு பேர் இழுத்து மூடினார்கள். “மூச்சை உள்ள இழுங்க ஐயா, ரேஸ் முடிஞ்சதும் விட்டுக்கலாம்” என்றான் என் தம்பி. நன்றாகத்தான் ஓட்டினார். அதை மறைக்க மாட்டேன். முதல் சுற்றில் அடக்கம், இரண்டாவதில் வேகம். மற்றவர்கள் கண்டுகொண்ட வெளிப்பாதை அவருக்குத் தெரியாது. அவரிடமும் யாரும் சொல்லவில்லை. தாம் பந்தயங்களில் வென்ற காலத்தின் பாதையிலேயே, வெளியிலிருந்து உள்ளே, அழகாக இறங்கினார். கோட்டைத் தொட்டதும் வண்டி அவருக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. அவரும் வண்டியும் தனித்தனியாகத் தடத்தோரச் சரளைக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

முதலில் ஓடியவர் என் கணவர். நானும் பின்னால் ஓடினேன். கோப்பை உட்கார்ந்திருந்தார், மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது, வேறு அடி இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவர் வாயில் வந்தது அந்தச் சொல்தான்.

“என் தப்பு.”

என் கணவர் வளைவுக்குத் திரும்பி நடந்து, குனிந்து, உள்ளங்கையைக் கோட்டின்மேல் அழுத்தினார். எடுத்தபோது கை கறுத்திருந்தது. அந்தக் கையைக் கோப்பையின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

“இல்லீங்க. தரை.”

வேலியோரம் ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் அளந்து சொல்ல முடியவில்லை. தனக்காகச் சொல்லாத சொல். நான் கெஞ்சியும் சொல்லாத சொல். தன்னோடு விழுந்த இருபத்திரண்டு பேருக்காகவும் சொல்லாத சொல். அதை, தன்னை விரட்டிய மனிதனின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார். ஆனால் இரண்டு உறுப்பினர்களும் பக்கத்தில் நின்றிருந்தார்கள். கேட்டார்கள். எனக்கு அது போதும்.

மருத்துவ அறையில் செவிலியர் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். நேரம் இரண்டு பதினேழு, வளைவு ஆறு என்று எழுதிவிட்டு, பழக்கத்தால் அடுத்த கட்டத்துக்கும் பேனாவைக் கொண்டுபோனார். ஐயாவே எழுதட்டும் என்றேன். பேனா கோப்பையின் கைக்குப் போயிற்று. வாசலில் ஓட்டுநர்கள் நெருக்கியடித்து நின்றார்கள்.

“ஐயா, எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு. விதி பதினொண்ணு. தடத்துல சம்பளம் வாங்கறவங்க வேலை நேரத்துல சொந்தத் தவறால விழுந்தா அனுமதி ரத்து. இன்னைக்கு நீங்க வேலையிலதானே இருக்கீங்க?”

அவர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு எழுதினார். இரண்டே எழுத்து. எழுதியதும், இந்தச் சீட்டு வேண்டாம், கிழித்துவிடலாம் என்று செவிலியரிடம் சொன்னார். செவிலியர் அதற்குள் மஞ்சள் படியைப் பிரித்துத் தன் பெட்டியில் போட்டிருந்தார்.

“மஞ்சள் என் பொறுப்புங்க ஐயா. அதைக் கிழிக்க எனக்கு அனுமதி இல்ல” என்றார். பன்னிரண்டு ஆண்டுகளாக ‘என் தவறு’ எழுதிச் சலித்த கை.

நான்கு நாளில் ஆறாவது வளைவை முழுவதுமாக வெட்டியெடுத்து ஒரே தாராகப் போட்டார்கள். அறிவிப்பு இல்லை, காரணம் இல்லை. பத்தாம் நாள் ஒரு கடிதம் வந்தது. அலுவலக எழுத்தரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். “அன்னாரின் நீண்டகாலப் பணியைக் கருதி, அவரது தவற்றைப் பொறுத்து, கருணை அடிப்படையில் அனுமதி மீண்டும் வழங்கப்படுகிறது. மேற்கண்டதை ஏற்று ஒப்பமிடவும்.” கருணையாம். தாங்கள் போட்ட கோட்டில் ஒரு மனிதனை விழவைத்துவிட்டு, விழுந்ததற்காக அவனை மன்னிக்கிறார்கள்.

எழுத்தர் பேனாவை நீட்டினார். என் கணவர் ஏற்கெனவே கையை நீட்டியிருந்தார். ஆறு மணித் தடம் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். பேனாவுக்கும் தாளுக்கும் நடுவில் என் உள்ளங்கையை வைத்தேன்.

“படிச்சுட்டுப் போடுங்க.”

“அனுமதி குடுத்துட்டாங்கம்மா. அப்புறம் என்ன?”

“படிங்க.”

படித்தார். அவர் படிப்பது மெதுவாகத்தான். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாம் வரிக்கு வந்ததும் அவர் விரல் நின்றது, சமையலறை மேசைமேல் ஆறாவது வளைவில் நின்றதுபோலவே. பிறகு என் கையை மெல்ல நகர்த்திவிட்டு, ‘அவரது தவற்றைப் பொறுத்து, கருணை அடிப்படையில்’ என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். அதன் பிறகுதான் கீழே கையெழுத்திட்டார், இந்த முறை வலது கையால்.

அடித்துத் திருத்திய கடிதத்தை வாங்கிப்போக முடியாது என்றார் எழுத்தர். அப்படியானால் வாங்க மறுத்ததாக எழுதிக் கொடுங்கள் என்றேன். யோசித்தார், வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் முத்திரை குத்திய நகல் வந்தது, என் கணவர் இழுத்த கோட்டோடு. மஞ்சள் படியின் எண்ணோடு சேர்த்து அது கோப்பில் இருக்கிறது. மன்னிப்பு என்று ஒரு சொல் எந்தத் தாளிலும் இல்லை. எல்லாத் தாளையும் தேடிப் பார்த்துவிட்டேன். என் கோபமும் கோப்பிலேயே இருக்கட்டும், அழிகிற சரக்கில்லை.

மறு திங்கட்கிழமை ஐந்து மணிக்கு எழுந்து பூட்ஸ் போட்டுக்கொண்டு போனார். நானும் போய் வேலியோரம் நின்றேன். மூன்று சுற்று வந்தார். ஆறாவது வளைவில் வண்டி சாய்ந்து எழுந்த பிறகுதான் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். இறங்கி வந்து பதிவேட்டைத் திறந்தார். எட்டு வளைவுகளுக்குச் ‘சரி’ போட்டார். ஆறாவதற்கு நேரே, கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்துக்கு ஏறி இறங்கி, தன் கையாலேயே எழுதினார்:

“இப்போது சரி. இரண்டு மணிக்கும் ஓட்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.”

வாயிற்காவலர் எட்டிப் பார்த்து, அப்படியென்றால் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று கேட்டார்.

“திற” என்றார் என் கணவர். “ஆனா ரெண்டு மணிக்கு மூடு.”